கொளம்புக்காரி

ஓடிப்போகிறவளுக்குக் கட்டின புருஷனே பை தூக்கிக்கொண்டு பின்னால் போவானா? பக்கத்து வீட்டு அமுதவல்லி முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும். பையில் இருந்தது பஞ்சு இல்லை. லாடத்தை மேலே வைத்துத் தட்டுகிற இரும்புக் கட்டை. ஒரு ஆட்டுக்கிடாய்க் கனம் இருக்கும். அரம், இடுக்கி, சுத்தியல், வளைந்த கத்தி எல்லாம் இன்னொரு பையில். சேலை துணிமணி மூன்றாவது பையில். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து இறங்கினாள் பாஞ்சாலி. அதற்குப் பெயர் ஓடிப்போவது என்றால், தினம் காலையில் தர்மபுரிக்கு பஸ் ஏறுகிற இந்த அதியமான்கோட்டைத் தெரு முழுக்க ஓடிப்போகிற தெருதான்.

சண்டைச் சத்தம் கேட்டது என்கிறாள் அமுதவல்லி. கேட்டிருக்கும். ஒட்டின சுவர்தானே. சத்தம் போட்டது பாஞ்சாலியின் புருஷன் மாது. "எடுத்துக்கினு போனா போ, இல்லாட்டி நீ போவவே வேணாம்" என்று அவன் கத்தியது சுவரைத் தாண்டியிருக்கும். எதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான் என்பதுதான் தாண்டவில்லை. ஒரு தூக்குப்போசி நிறைய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஓசூர் போவதற்குள் பஸ்ஸில் மூடி கழன்று துணியெல்லாம் கொட்டிவிடும் என்று அவள் வேண்டாம் என்றாள். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை அவ்வளவுதான்.

மாமியார் துரத்திவிட்டாள் என்று இன்னொரு பேச்சு. மாமியார் சென்னம்மாள் துரத்துகிற ஆள்தான், அதை யாரும் மறுக்க வேண்டாம். கோழியைத் துரத்துவாள், கேபிள்காரனைத் துரத்துவாள், ஓட்டுக் கேட்டு வருகிறவனைத் துரத்துவாள். மருமகளைத் துரத்தவில்லை.

ஊர் சொல்வதில் ஒன்று மட்டும் நிஜம். பாஞ்சாலிக்குச் சமைக்க வராது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் அடுப்பில் குழம்பு வைத்தாள். சென்னம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏண்டி, இது மனுசனுக்கு வெச்சதா, குதுரைக்கு வெச்சதா?"

"குதுரை தொடாதுங்க அத்தை" என்றாள் பாஞ்சாலி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. குதிரை எதைத் தொடும், எதைத் தொடாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றோடு அடுப்பு மாது கைக்குப் போனது. போனால் என்ன நஷ்டம்? மாது தொப்பூர் கணவாய்க்குக் கீழே, லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டர். அவன் வைக்கிற குழம்புக்காகவே பெங்களூர் லோடு ஏற்றி வருகிறவர்கள் பசியை அடக்கிக்கொண்டு கணவாய் இறங்குவார்கள். கல்யாண வீடுகளுக்கும் சமைக்கப் போவான். புருஷன் சமைத்தால் பெண்டாட்டி பட்டினி கிடக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள், நன்றாகவே சாப்பிட்டாள். ஒரே மகள் சேலத்தில் விடுதியில் தங்கி நர்ஸுக்குப் படிக்கிறாள். அவளுக்கும் அப்பன் கைப்பக்குவம்தான்.

பாஞ்சாலியின் கைப்பக்குவம் வேறே. பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம், கன்னடமும் தமிழும் ஒரே வாயில் புழங்குகிற ஊர். அங்கே ஒரு பணக்காரர் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். லத்தி வாருகிற வேலைக்குப் போனவள் பாஞ்சாலி. லாடம் அடிக்க பெங்களூரிலிருந்து ஆள் வரும்போது குதிரைகள் உதைக்கும், கடிக்கும், சுவரோடு சாய்த்து நசுக்கப் பார்க்கும். இவள் பக்கத்தில் போய், "பாரம்மா, காலு கொடம்மா" என்று கன்னடத்தில் சொன்னால் மட்டும் காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கும். கால் பிடிக்க ஆரம்பித்தவள், அரம் பிடித்தாள், பிறகு சுத்தியல் பிடித்தாள். பண்ணையை விற்று மனைக்கட்டு போட்டபோது, அங்கே இருந்த எல்லாக் குதிரைகளின் காலும் அவள் கையில்தான் இருந்தது.

இந்தப் பக்கம் குதிரை ஏது என்று கேட்கிறவர்கள் கல்யாண மாதத்தில் ரோட்டில் நின்று பார்க்கட்டும். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை, திருவிழாவுக்குக் குதிரை, பந்தயத்துக்குக் குதிரை, தோட்டத்து வீட்டில் பிள்ளைகள் ஏறி விளையாட ஒரு குதிரை. எல்லாவற்றுக்கும் காலுக்குக் கீழே நகம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நம் விரல் நகம் மாதிரிதான் அதுவும். அளவாக வெட்டாவிட்டால் சாய்வு மாறும், சாய்வு மாறினால் தோள் வரைக்கும் வலிக்கும். பாஞ்சாலி பழைய லாரி டியூபை வெட்டித் தைத்த முன்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிரையின் காலைத் தொடை இடுக்கில் வாங்கிக்கொண்டு குனிந்தால், முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

"முனியப்பன் கோயில் மண்ணு குதுரைதான் பாக்கி" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள் அமுதவல்லி. "அதுக்கும் ஒரு நாளு ஆணி அடிச்சிட்டு வருவா பாரு."

வம்பு அந்த அளவில் நின்றிருந்தால் யாரும் கோபப்படப் போவதில்லை. ஒரு வார்த்தையால்தான் எல்லாம் வந்தது.

குதிரையின் காலடியில் இருப்பது ஒன்று. சோற்றில் ஊற்றுவது ஒன்று. படித்தவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்துப் போடுவார்களாம். போடட்டும். இந்த ஊரில் வாயைத் திறந்தால் இரண்டும் கொளம்புதான். புருஷன் வேலையும் கொளம்பு, பெண்டாட்டி வேலையும் கொளம்பு, இரண்டுக்கும் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தது ஒரே போன் நம்பர். அந்த வீட்டுப் போனில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. மொரப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எடுத்தது மாது.

"கொளம்புல ஒரே நாத்தமா வருதுங்க."

"எப்ப வெச்சதுங்க?"

"போன மாசம் உங்க ஆளு வூட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனதுதாங்க."

"போன மாசத்துக் கொளம்பை இன்னமும் வெச்சிருக்கீங்களா? கொண்டுபோய்க் கீழ ஊத்துங்க மொதல்ல."

மறுமுனையில் அந்த மனிதர் போனை வைத்துவிட்டாராம். குதிரையை எப்படிக் கீழே ஊற்றுவது என்று யோசித்திருப்பார். இப்படி எத்தனையோ. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சென்னம்மாள் சிரித்துப் புரையேறி, சிரித்ததற்காக இரண்டு பேரையும் திட்டுவாள்.

சிரிக்க முடியாமல் போனது சாந்தினி விஷயத்தில்.

சாந்தினி தர்மபுரி அப்துல் கனி பாயின் குதிரை. பால் மாதிரி வெள்ளை. பாண்டு வாத்தியம் காதுக்குள் அடித்தாலும், சரவெடி காலடியில் வெடித்தாலும், மேலே உட்கார்ந்த மாப்பிள்ளை பயத்தில் பிடரியைப் பிடித்து இழுத்தாலும் சிலுப்பாது. பாய்க்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. பிள்ளைகள் கோயமுத்தூரில். பேச்சுத் துணை, பிழைப்பு எல்லாம் அந்தக் குதிரைதான். இந்த ஊரை ஒட்டின ஒரு மண்டபத்தில் கல்யாணம். குதிரை கனி பாய் வீட்டுக் குதிரை, சமையல் மாது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து சாந்தினியைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். அது மூக்கை நீட்டி நீட்டி மாதுவைப் பார்த்தது. சாப்பிட வந்தவர்கள் யாரும் பசியோடு போகக் கூடாது என்று நினைக்கிறவன் மாது. மீந்த சோறு ஒரு அன்னக்கூடை, அதன் மேல் கேசரி. காலையில் மறுபடி ஒரு வாளி வெண்பொங்கல். சாந்தினி நக்கித் துடைத்துச் சாப்பிட்டதைப் பார்த்து அவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. குதிரை வயிற்றுக்கு அது விஷம் என்று அவனுக்குத் தெரியாது. அத்தனை மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் புளித்து, அந்தக் கெடுதல் இரத்தத்தில் இறங்கி, போய்த் தங்குகிற இடம் குளம்பு.

மறுநாள் அதே மண்டபத்தில் மறுவீட்டு விருந்து. மாது குழம்பை மட்டும் வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தான். பாஞ்சாலி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர். பக்கத்தில் லாரி இரைச்சல்.

"கொளம்பு ரொம்ப சூடா இருக்குதுங்க. தொட்டா கை சுடுது."

விருந்து வீட்டிலிருந்து பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் மாது. அவனுக்குப் பெருமை கூட.

"சூடாத்தாங்க இருக்கணும். ஆற வுட்டுடாதீங்க. நல்லா துணி போட்டு மூடி வெச்சிடுங்க."

"மூடறதுங்களா?"

"ஆமாங்க. கனமான சாக்கு இருந்தா இன்னும் நல்லது."

பேசியது கனி பாய். தன் போனில் சார்ஜ் இல்லாமல் பக்கத்து மெக்கானிக் கடைப் போனில் கூப்பிட்டிருந்தார். பாஞ்சாலி சொல்லித்தான் மாது சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், கம்பளியைக் கிழித்துச் சுற்றி, அதற்கு மேல் சாக்கு சுற்றி, சாந்தினியின் நான்கு கால்களையும் கதகதவென்று கட்டி வைத்தார். சூட்டைத் தணிக்கப் பனிக்கட்டியில் நிற்க வைக்க வேண்டிய கால்கள் அவை.

அடுத்த நாள் காலையில் வாசலில் வந்து நின்றார் பாய். தலையில் தொப்பியைக் கோணலாகப் போட்டிருந்தார். எப்போதும் அப்படிப் போடுகிறவர் இல்லை.

"தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே மூடி வெச்சேன்மா. எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"நான் என்னா சொன்னேன் பாய்? எதை மூடினீங்க?"

"கொளம்பைத்தான். சூடா இருக்குதுன்னு போன் போட்டனே. மாஸ்டர்தான் சொன்னாரு."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த மாதுவின் கை நின்றது. பாஞ்சாலி திரும்பி அவனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மாது சொன்னான். போனில் பேசியதைச் சொன்னான். சோறும் கேசரியும் பொங்கலும் போட்டதைச் சொன்னான். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் அந்த வாசற்படியிலேயே சொன்னான்.

கனி பாய் தலையை ஆட்டினார். "பசிக்குதுன்னு நெனச்சித்தானே போட்டீங்க மாஸ்டர்" என்றார். திட்டியிருந்தால் மாதுவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பாஞ்சாலி திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "வண்டியை எடுங்க. போற வழியில மீன் கடையில ஐஸ் கட்டி எவ்வளவு இருக்குதோ அவ்வளவும் வாங்குங்க" என்றாள்.

பாயின் கொட்டகையில் சாந்தினி ஒருவழியாக எழுந்து நின்றிருந்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, சுடுகிற தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் குதிகாலில் நிற்பார்களே, அந்த மாதிரி. பாஞ்சாலி சாக்கை அறுத்து எறிந்துவிட்டு உள்ளங்கையைக் குளம்பின் மேல் வைத்தாள். எடுத்துவிட்டாள். அவ்வளவு சூடு.

கால்நடை டாக்டர் பிரியதர்ஷினி வந்தார். சின்ன வயசு, வேலையில் கெட்டி. படம் எடுக்கிற மிஷினைச் சேலத்திலிருந்து வரவழைத்தார். ஊசி போட்டார். படத்தைப் பார்த்துவிட்டு பாயிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"குளம்புக்குள்ள இருக்கற எலும்பு சாஞ்சிருக்குங்க. வலது முன்னங்கால் மோசம். இன்னும் சாஞ்சா அடிப்பாதத்தைக் குத்திக்கிட்டு வெளிய வந்துடும். அப்படி வந்துட்டா, வலியில்லாம தூங்க வெக்கறதைத் தவிர வேற வழி இல்ல."

"அது வராம நிறுத்த முடியுமா டாக்டரம்மா?" என்றாள் பாஞ்சாலி.

"மருந்துக்கு நான் பொறுப்பு. காலுக்குக் கீழ தாங்கல் வேணும், அது உங்க கை. ரெண்டும் சேர்ந்து சரியா நடந்தா முடியலாம். இப்போதைக்கு மெத்துனு, தடிப்பா ஏதாச்சும் காலடியில கட்டணும். தெர்மாகோல் கிடைக்குமா?"

மாது அதற்குள் வண்டியை உதைத்துவிட்டான். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மேடை அலங்காரம் குப்பையோடு கிடந்தது. திரும்பி வரும்போது அவன் டிவிஎஸ்ஸின் பின்னால் சென்னம்மாள் உட்கார்ந்திருந்தாள்; மகன் செய்த தப்புக்குத் தானும் வந்து நிற்க வேண்டும் என்று வழியில் ஏறிக்கொண்டவள். அவள் மடியில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுத்துகள், அதற்கு மேல் தோகை விரித்த தெர்மாகோல் மயில் ஒன்று. ஊரே நின்று பார்த்திருக்கும்.

பாஞ்சாலி கத்தியை எடுத்து முதலெழுத்தில் வைத்தாள். சென்னம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"முந்தாநேத்து தாலி கட்டுன புள்ளைங்க பேரை குதுரை மிதிக்கறதா? மயிலை வெட்டுடி."

"மயிலு சாமி வாகனம் இல்லீங்களா அத்தை?"

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ வெட்டு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மயில் வயிறுதான் தடிமனா இருக்கு அக்கா. அதையே வெட்டுங்க."

வெட்டிக் கட்டினார்கள். சாந்தினி அதன் மேல் நின்று, நீட்டிய காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துவிட்டு, கனி பாய் முகம் கழுவுகிற மாதிரி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நெடுநேரம் நின்றார்.

சூடு இறங்கினதும் லாடம். இரும்புதான் நிற்கும் என்றாள் பாஞ்சாலி. டாக்டரம்மா சந்தேகப்பட்டார். பாஞ்சாலி கேட்கவில்லை, கை வேலை தெரிந்தவளுக்கு இருக்கிற பிடிவாதம் அவளுக்கும் உண்டு. நடுவில் நாக்கு மாதிரி பட்டை வைத்த ஒரு லாடத்தைப் பார்த்துப் பார்த்து அடித்துக் கொண்டுவந்தாள். முதல் ஆணியை ஒரு தட்டுத் தட்டினாள். சாந்தினியின் தோல் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நடுங்கியது. ஒரு உதை கூட இல்லை. உதைத்திருந்தால் இவள் இன்னொரு தட்டுத் தட்டியிருப்பாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் நெனச்சது தப்பு டாக்டரம்மா. இதுக்கு இப்ப சுத்தியலே ஆவாது."

டாக்டரம்மா போனில் ஒரு படம் காட்டினார். மரத்தில் செய்த லாடம். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். பிறகு பாஞ்சாலி ஆசாரியிடம் கட்டை வெட்டி வாங்கி, அரத்தை எடுத்து உட்கார்ந்தாள். அடிப்பக்கத்தின் விளிம்பைச் சுற்றிலும் தேய்த்து ஆப்பச்சட்டி அடி மாதிரி உருட்டினாள். எந்தப் பக்கம் சாய்ந்தால் வலி குறைகிறதோ அந்தப் பக்கம் குதிரையே உருண்டு சாய்ந்துகொள்ளும். பல் டாக்டர் அச்செடுக்கிற மாவு மாதிரி மெதுவான ஒன்றைப் பாதத்தில் அப்பி, அதன் மேல் கட்டையை வைத்து, மாவுக்கட்டுத் துணியால் சுற்றி இறுக்கினார்கள். ஆணி இல்லை, அடி இல்லை.

"குதுரைக்கு மரச்செருப்பு போட்டு வுட்டிருக்கா என் மருமவ" என்று சென்னம்மாள் தெருவில் சொன்னாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். அவளுக்குப் பெருமை வந்தாலும் அந்தக் குரல்தான்.

சாந்தினி நிமிர்ந்து நின்றது. உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு தலையைத் தொங்கவிட்டது. வலி விட்டுப்போன குதிரை அப்படித்தான் செய்யும்.

அதற்குப் பிறகு ஓடவில்லை, ஆடவில்லை. குளம்பு மேலிருந்து கீழே வளர்ந்து இறங்க வேண்டும். பழையது தேயத் தேயப் புதியது வர வேண்டும். மாதக் கணக்கில் ஆகிற காரியம். பாஞ்சாலி தினம் பாய் வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். காய்ந்த புல்லை ஊற வைத்துத்தான் தீனி. மாது வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நிற்க வேண்டும் என்று உத்தரவு. அவன் அப்படித்தான் நிற்பான். சாந்தினி அவனைப் பார்த்து மூக்கை நீட்டும். "என்கிட்ட ஒண்ணும் இல்ல கண்ணு" என்பான், கடன்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. வீட்டில் போன் அடித்தால் எடுத்ததும், "சோத்துக்குங்களா, குதுரைக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. கடன் விஷயமாகப் பேசிய பேங்குக்காரரிடமும் அதையே கேட்டான்.

இந்தச் சமயத்தில்தான் அமுதவல்லி ஆரம்பித்தாள். கட்டினவனுக்கு ஒரு வாய் சோறு பொங்கத் துப்பில்லை, பொழுதன்றைக்கும் குதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று குழாயடியில் பேச்சு. சென்னம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"என் மருமவ காலைப் புடிச்சித்தான் வுடறா அமுதா. உன்னை மாதிரி ஊர்ல யாரு காலையும் வாரல."

அமுதவல்லி அன்றைக்குத் தண்ணீர் நிரம்புவதற்கு முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தப் பேச்சை மறக்கவில்லை. இப்போது ஊர் முழுக்க ஓடுகிற கதைக்கு விதை அதுதான்.

டாக்டரம்மா அந்த மரச்செருப்பைப் படம் பிடித்து, ஓசூரைத் தாண்டி நொண்டிக் குதிரைகளை வைத்துப் பார்க்கிற ஒரு இடத்துக்கு அனுப்பியிருந்தார். பந்தயத்தில் கால் போனது, வண்டியில் கால் போனது என்று அங்கே ஏகப்பட்ட குதிரைகள். அவர்கள் பாஞ்சாலியைக் கூப்பிட்டார்கள். அரை வருஷம் வந்து தங்கு, எங்கள் ஆளோடு சேர்ந்து வேலை செய், தெரியாததைக் கற்றுக்கொள், தெரிந்ததைச் சொல்லிக் கொடு என்றார்கள். லீவு உண்டு, வீட்டுக்கு வந்து போகலாம்.

"போ புள்ள" என்றான் மாது உடனே.

"அடுப்பை இவன் பாத்துக்கறான். இவனை நான் பாத்துக்கறேன்" என்றாள் சென்னம்மாள். "அங்க போய் எதையும் ஆக்கித் தொலைக்காதே. பொழைக்க வந்த குதுரை செத்துடும்."

பாஞ்சாலி மட்டும் பிடி கொடுக்கவில்லை. மரச்செருப்பு கழற்றி ரப்பர் லாடம் போட்டாகிவிட்டது, அதுவும் கழற்றி மணலில் வெறுங்காலோடு நடந்தாகிவிட்டது. அது போதாது அவளுக்கு. மணலில் எந்தக் குதிரையும் நடந்துவிடும். "சாந்தினி தார் ரோட்டுல நடக்கற சத்தத்தை என் காதால கேக்கணும். நாலு காலும் ஒண்ணு போல வுழுந்தாத்தான் நான் படி தாண்டுவேன். இல்லாட்டி இங்கதான்" என்று டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டாள், ஓசூர்க்காரர்களிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த நாள் காலையில் பைகள் கட்டி வாசலில் இருந்தன. தூக்குப்போசிச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கனி பாய் தெருமுனையில் சாந்தினியோடு நின்றார். பாஞ்சாலி உள்ளே சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெளிய வந்து பாரேன் புள்ள" என்றான் மாது.

"கண்ணு ஆசைப்படும் மாமா. நல்லா இருக்குதுன்னுதான் சொல்லும். காது பொய் சொல்லாது. சும்மா இருங்க."

குளம்புச் சத்தம் கேட்டது. டக், டக் என்று தெருவில் வந்து, வாசலைத் தாண்டி, அந்தக் கோடிக்குப் போனது. அவள் தலையை ஆட்டினாள்.

"வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மறுக்கா வரச் சொல்லுங்க."

சென்னம்மாள் வெளியே போனாள். ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினாள். எதிர்வீட்டு மிக்சியை நிறுத்தினாள். அமுதவல்லி வீட்டு ரேடியோவையும் நிறுத்த வைத்தாள். தெருவில் காக்கை கத்துவது மட்டும்தான் மிச்சம், அதையும் துரத்தினாள்.

சாந்தினி திரும்பி வந்தது. பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள். வலது முன்னங்கால் விழுகிற இடத்துக்காகக் காத்திருந்தாள். வலிக்கிற கால் பட்டும் படாமல் விழும். சத்தம் அங்கே மெலியும், அடுத்த அடி அவசரமாக வரும். மெலியவில்லை. அவசரப்படவில்லை. வாசலுக்கு நேரே வந்தபோது அவள் உதடு சத்தமில்லாமல் கூடவே தாளம் போட்டது. மாது அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் தெருமுனை வரைக்கும் ஒரே சீராகப் போய் நின்றது.

பாஞ்சாலி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"என்னா புள்ள?"

"நடக்குது மாமா" என்றாள். கருவிப் பையைத் தோளில் மாட்டினாள், துணிப் பையைக் கையில் எடுத்தாள். இரும்புக் கட்டை இருந்த பையை மாது தூக்கிக்கொண்டான். சென்னம்மாள் மருமகள் நெற்றியில் திருநீறு பூசி, "பாத்துப் போடி" என்றாள்.

பாஞ்சாலி படி இறங்கினாள். தெருவில் கனி பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். அவள் குதிரையின் கழுத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"தாரு சூடு ஏறப் போவுது பாய். புல்லு ஓரமாவே கூட்டிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற பக்கம் திரும்பி நடந்தாள்.